அருவியாற்றின் வழியே: றொபேட் நொக்ஸின் வன்னிப் பயணம், 1679

வரலாறு என்பது அரசரின் முடிசூட்டு விழாக்களையும் போர்க்களங்களையும் மாத்திரம் கூறுவதன்று. காட்டு வழியே கால்நடையாகச் சென்ற ஒரு சாதாரண மனிதனின் அனுபவமும் சில வேளைகளில் ஒரு நாட்டின் வரலாற்றுக்கு அரிய சான்றாகிவிடுகின்றது. 1679ஆம் ஆண்டில் கண்டி இராச்சியத்திலிருந்து மன்னார்க் கரைவரை, யானையும் கரடியும் உலாவிய பெருங்காட்டினூடாக, இரு ஆங்கிலேயர் நடந்து தப்பிய வரலாறு அத்தகையது. அவர்களுள் ஒருவர் றொபேட் நொக்ஸ். மற்றவர் ஸ்தீபன் றட்லண்ட்.

பாடசாலையில் ஆங்கில வாசிப்புப் பாடமாகவே இக்கதையை நான் முதன்முதற் படித்தேன். ஓர் ஆங்கிலேயனின் வீரச் செயலாக அது எமக்குக் கற்பிக்கப்பட்டது. அருஞ்சொற்களுக்குப் பொருள் எழுதினோம், சுருக்கம் எழுதினோம், புள்ளிகளும் பெற்றோம். ஆயின் அதில் வந்த ஆறு எந்த ஆறு என்று ஆசிரியர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. சில ஆண்டுகளின் பின் மன்னாரிலுள்ள உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தபொழுது, அரிப்புக்கு அண்மையிலுள்ள பாலத்தைக் கடந்தோம். கோடைகாலம், பாலத்தின் கீழே மணலும் ஆங்காங்கே தேங்கிய நீரும் காணப்பட்டன. "இதுதான் அருவியாறு, தம்பி. அநுராதபுரத்திலே இதற்குப் பெயர் மல்வத்து ஓயா" என்றார் உடன்வந்த பெரியவர். அந்தப் பெயரைக் கேட்டதும் பாடப் புத்தகம் நினைவுக்கு வந்தது. நொக்ஸ் வழித்துணையாகக் கொண்ட ஆறு இதுவே! எங்கள் நாட்டு ஆற்றைப் பிறநாட்டான் கதையாகப் படித்துவிட்டோமே என்ற வெட்கமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

சிறைப்பட்ட வரலாறு

1659ஆம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பலாகிய 'ஆன்' மசூலிப்பட்டினத்துறையில் நின்றபொழுது பெரும் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. புதுப் பாய்மரம் நாட்டுவதற்கும் அதனிடையே சிறிது வணிகம் செய்வதற்குமாக அக்கப்பல் திருகோணமலைக்குத் தெற்கேயுள்ள கொட்டியாரக் குடாவை வந்தடைந்தது. கப்பற்றலைவர் பெயரும் றொபேட் நொக்ஸ். அவர் மகனே நமது பயணி. அப்பொழுது மகனுக்குப் பத்தொன்பது வயது.

கண்டியை அக்காலத்தில் ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன் (1635–1687). போர்த்துக்கேயரைத் துரத்துவதற்கு ஒல்லாந்தரைத் துணைக்கழைத்து, ஈற்றில் அவர்களே கரையோரத்தைக் கைப்பற்றிக்கொண்டதைக் கண்டு மனங்கசந்திருந்தவன் அவன். ஆகவே அந்நியக் கப்பலொன்று தன் நாட்டுத்துறையில் வந்து நிற்பதை அவன் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. முறைப்படி அரசனுக்குக் கடிதமும் காணிக்கையும் அனுப்பியிருந்தால் ஒருவேளை இத்துன்பம் நேர்ந்திராது என்று நொக்ஸே பின்னர் எண்ணினார்.

1660ஆம் ஆண்டு தந்தையும் மகனும் உட்பட 16 பேர் பிடிக்கப்பட்டனர். முதலிற் பிடிபட்டவர் தந்தை. கப்பலிலுள்ளோர்க்குச் செய்தி சொல்லி வருமாறு மகன் அனுப்பப்பட்டான். கப்பலிலேயே தங்கியிருந்தால் அவன் தப்பியிருக்கலாம். எனினும் திரும்பி வருவதாகத் தந்தைக்குக் கொடுத்த வாக்கை மீறாது, தானாகவே கரைக்கு வந்து சிறைப்பட்டான். இன்றும் மூதூரிலே 'வெள்ளைக்காரன் மரம்' நின்ற இடத்தைக் குறித்து ஒரு நினைவுக்கல் உண்டு.

சிறைப்பட்டோரை அரசன் இருட்டறையில் அடைக்கவில்லை. ஊருக்கொருவராகப் பிரித்து வைத்தான். அவர்களுக்கு உணவளிப்பது ஊராரின் கடமையாயிற்று. தந்தையும் மகனும் வடமேற்கே பண்டார கொஸ்வத்த என்னும் ஊரில் விடப்பட்டனர். இருவரையும் குளிர்காய்ச்சல் வாட்டியது. 1661ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் தந்தை இறந்தார். உடல் மெலிந்து நிற்கவும் வலுவற்றிருந்த மகன், தன் வேலைக்காரச் சிறுவனின் துணையோடு தந்தையை அடக்கஞ் செய்தான்.

கற்ற பாடம்

இதன்பின் கழிந்த ஆண்டுகளே இக்கதையின் உயிர்நாடி. வாசிப்புப் புத்தகங்கள் அவற்றை ஓரிரு வரிகளில் முடித்துவிட்டுத் தப்பியோடிய ஆறு நாட்களை விரித்துக் கூறும். அது தவறு என்பது என் எண்ணம். ஆறு நாட் பயணத்திற்குரிய ஆயத்தம் பல ஆண்டுகளாக நடந்தது.

நொக்ஸ் தொப்பி பின்னக் கற்றார், அவற்றை விற்றார். நெல்லைக் கடன் கொடுத்து வட்டிக்கு நெல்லே பெற்றார். சிங்கள மொழியைத் திருத்தமாகப் பேசப் பழகினார். நாட்டாரைப்போல் உடுத்தார், உண்டார். கண்டிக்கு அண்மையிலுள்ள எலதெத்தவில் நிலம் வாங்கி வீடு கட்டினார். ஒருநாள் தூண்டில் போட்டு மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது, வழிப்போக்கராகிய முதியவர் ஒருவர், கொழும்பு போர்த்துக்கேயர் கைவிட்டுப் போனகாலத்தில் தமக்குக் கிடைத்த ஆங்கில வேதாகமமொன்று தம்மிடம் உண்டென்றார். ஒரு பின்னற்றொப்பியைக் கொடுத்து அதனை நொக்ஸ் பெற்றுக்கொண்டார்.

பின்னர் அவரும் றட்லண்டும் சுமை வியாபாரிகளாயினர். மிளகு, வெள்ளைப்பூடு, சீப்பு, இரும்புச் சாமான் முதலியவற்றைச் சுமந்துகொண்டு வடக்கு நோக்கி ஊரூராகச் சென்றனர். வடக்கைத் தேர்ந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. மேற்கிலும் தெற்கிலும் மலையிடுக்குகளில் முட்கதவு பூட்டிய காவற்கடவைகள் இருந்தன, ஊர்களும் நெருக்கமாயிருந்தன. வடக்கே நிலம் சமதரை, குடிகள் குறைவு, அதற்கப்பால் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் ஒல்லாந்தர் இருந்தனர். ஆயின் அவ்வாண்டுகளில் மழை பொய்த்துக் குளங்கள் வற்றின. கலங்கிய நீரைக் குடித்து இருவரும் மீண்டும் மீண்டும் காய்ச்சலுற்றனர். நீரினால் வரும் அந்நோய்க்கு உள்ளூரார் உண்ட கஞ்சா இலை மருந்தை நொக்ஸும் காலையும் மாலையும் உண்டதாக எழுதியுள்ளார்.

ஒவ்வொரு முறையும் சிறிது தூரம் கூடுதலாகச் சென்றார்கள், பார்த்தார்கள், கேட்டார்கள், திரும்பினார்கள். எட்டுப் பத்துத் தடவை இவ்வாறு நடந்தது. எந்த ஊரில் எவர் அதிகாரி, எந்தத் துறையில் ஆற்றைக் கடக்கலாம், எங்கே காவல் உண்டு என்பன அவர்களுக்கு மனப்பாடமாயின. அதனினும் முக்கியமாக, அவ்வூர் மக்கள் இவர்களை வியாபாரிகளென ஏற்றுக்கொண்டனர்.

அநுராதபுரம்வரை

1679ஆம் ஆண்டு செப்ரெம்பர் 22ஆந் தேதி அவர்கள் எலதெத்தவை விட்டுப் புறப்பட்டனர். (தேதிகள் அக்கால ஆங்கிலேயரின் பழைய நாட்காட்டிப்படி தரப்பட்டுள்ளன.) தந்தை அடக்கமான பண்டார கொஸ்வத்தவையும் கடந்து, வடக்கே கலுவில என்னும் ஊரை அடைந்தனர். அவ்வூரதிகாரியின் கண்ணிற் படாமல் அப்பாற் செல்லல் இயலாது. ஒளிந்து செல்வதிலும் நேரே செல்வதே நன்றென அவன் வீட்டுக்கே போயினர். மான் வற்றல் வாங்க வந்தோம் என்றனர். சித்திரப்பிடிக் கத்திகளையும் ஒரு சிவப்புத் தொப்பியையும் காணிக்கையாகக் கொடுத்தனர். அவன் மகிழ்ந்து விருந்தோம்பினான். அவ்வேளையில் காவலைப் பலப்படுத்தும் அரச ஆணையோடு படைவீரர் சிலர் அங்கு வந்து சேர்ந்தனர். இருவரின் நெஞ்சமும் துடித்தது. எனினும் நன்கறியப்பட்ட வியாபாரிகளை எவரும் ஐயுறவில்லை. பல்லாண்டுப் பொறுமை அன்று பயன்கொடுத்தது.

அங்கிருந்து அநுராதபுரப் பகுதிக்குச் சென்றனர். வழியில் ஓர் ஊரிலே மக்கள் இவர்களைச் சூழ்ந்து திகைத்து நின்றனர். அவர்கள் தமிழர், சிங்களம் அறியாதவர், வெள்ளையரைக் கண்டதுமில்லை. நொக்ஸுக்கோ தமிழ் தெரியாது. சிங்களம் அறிந்த ஒருவர் வந்த பின்னரே பேச்சு நடந்தது. அதிகாரியிடம் கொண்டுசெல்லப்பட்டபோது, மான் வற்றல் வாங்க வந்ததாக முன் சொன்ன விடையையே சொல்லித் தப்பினர். ஐரோப்பியர் அக்காலத்தில் தமிழரை 'மலபார்' என்று குறித்தனர். நொக்ஸும் அவ்வாறே எழுதினார். கண்டி அரசனின் ஆட்சிக்குட்பட்ட அநுராதபுரப் பகுதியில் 1679இல் தமிழ் பேசும் குடிகள் வாழ்ந்தனர் என்பதற்கு இது கண்ணாற் கண்ட ஒருவரின் சான்று. பண்டை நாட்களில் தலைநகராக விளங்கிய அநுராதபுரத்தை அவர் அகன்ற வெளியாகவும், அதன் நடுவே மனிதர் கட்டிய பெருங்குளமொன்று இருப்பதாகவும் வருணிக்கின்றார்.

ஆறே வழி

யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் பெருவழியிலே காவல் உண்டென அறிந்ததும் அவ்வழியை இருவரும் கைவிட்டனர். முன்னர் கடந்துவந்த ஆறு நினைவுக்கு வந்தது. ஆறு எப்படியும் கடலைச் சேரும். அக்கடற்கரை ஒல்லாந்தர் வசமுள்ளது. திசைகாட்டி இல்லாதவருக்கு இதனினும் சிறந்த வழிகாட்டி வேறெது?

அவர்கள் கொண்டுசென்ற பொருட்கள் இவை: பத்து நாட்களுக்குப் போதுமான அரிசி, வற்றல் இறைச்சி, சோறு சமைக்க ஒரு பாத்திரம், நீருக்கு இரண்டு சுரைக்குடுவை, இரண்டு கோடரி, கத்தி, தீ மூட்டும் பெட்டி, கருப்பட்டி, வெற்றிலை, புகையிலை, செருப்புக்கு மான்தோல். இவற்றோடு ஆளுக்கொரு தாளிப்பனை ஓலை. விரித்தால் கூடாரம், மடித்தால் கைச்சுமை. நம் நாட்டார் அறிவின் விளைவாகிய அவ்வோலையை நொக்ஸ் பாராட்டி எழுதியுள்ளார்; அவர் நூலில் அதற்குப் படமும் உண்டு.

அக்ரோபர் 12ஆந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் ஆற்றை நாடிக் காட்டினுட் புகுந்தனர். மாரி மழை இன்னும் பெருகாத காலமாதலால் ஆற்றில் நீர் குறைந்து மணற்பரப்பு வெளிப்பட்டிருந்தது. மணலில் நடக்க இயன்ற இடங்களில் மணலிலும், பாறையும் மடுவும் தடுத்த இடங்களில் கரைக்காட்டிலும் நடந்தனர். ஆறு வளைந்து வளைந்து சென்றமையால் ஒருநாள் நடைக்குக் கிடைத்த நேர்த்தூரம் சொற்பமே. மடுக்களில் முதலைகள் கிடந்தன. கோடையில் வேறெங்கும் நீரின்மையால் யானை, எருமை, மான், கரடி ஆகிய யாவும் அவ்வாற்றையே நாடி வந்தன. முட்செடிகள் உடலைக் கிழித்தன. இரவில் தீ மூட்டி அதனருகே உறங்கினர். யானை நெருங்கினாற் கூச்சலிட்டுக் கொள்ளிக்கட்டையை வீசினர்.

ஓரிடத்தில் மனிதர் நடமாட்டம் கேட்டது. இருவரும் பொந்துள்ள மரமொன்றில் ஒளிந்து இருள்வரை காத்திருந்தனர். இருண்டதும் யானைகளின் ஓசை மிக அண்மையிற் கேட்டது. அப்போது அவர்களுக்கு அச்சமன்று, ஆறுதலே உண்டாயிற்றாம். யானை நிற்கும் காட்டினுள் இரவிலே மனிதர் தேடி வரமாட்டார்கள் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். விலங்கினும் மனிதனை அஞ்சவேண்டிய நிலையை இதனிலும் தெளிவாக எங்ஙனம் கூறுவது!

இன்னொரு காட்சியும் அவர் கண்ணிற் பட்டது. ஆற்றங்கரை நெடுகிலும் செதுக்கிய கற்றூண்கள் நின்றன, கற்குவியல்கள் கிடந்தன. மூன்று நான்கு இடங்களில் கற்றூண்மேல் அமைந்த பாலங்களின் இடிபாடுகள் காணப்பட்டன. உயிருக்கு அஞ்சி ஓடிக்கொண்டிருந்த ஒருவர் இவற்றைக் கவனித்து மனத்திற் பதித்தமை போற்றத்தக்கது. இலங்கைத் தொல்பொருளாராய்ச்சி தொடங்குவதற்கு இரு நூற்றாண்டுகளுக்கு முன்னரே, இக்காடு ஆதியிலே காடன்று. குளமும் வயலும் பாலமுமாக மக்கள் வாழ்ந்த நாடு என்பதை ஒரு தப்பியோடியின் கண் கண்டுவிட்டது.

எல்லையைக் கடந்தபின்

வியாழக்கிழமை நண்பகல் அவர்கள் ஓர் ஆற்றைக் கடந்தனர். 'கொறொண்டா ஓயா' என அதற்குப் பெயர் தருகிறார் நொக்ஸ். கண்டி அரசன் நாட்டையும் தமிழர் நாட்டையும் பிரிக்கும் ஆறு அதுவென்கிறார். அதற்கப்பால் இருந்தது வன்னியர் ஆட்சி. அவர் தம் காதிற் கேட்டவாறு எழுதிய வன்னியன் பெயர் பனங்காமத்தை ஆண்ட கைலை வன்னியனைக் குறிப்பதாகக் கொள்வர். கண்டிக்கும் ஒல்லாந்தருக்கும் இடையே, இருபாலாருக்கும் முற்றாகப் பணியாது வன்னி நின்ற நிலையை இப்பகுதி உணர்த்துகின்றது. எல்லை என்று வகுக்கப்பட்டது மதிலன்று, ஓர் ஆறு; அவ்வாற்றுக்கு இப்பாலும் தமிழ்க்குடிகள் இருந்தமையை முன்னரே கண்டோம். ஆட்சி எல்லையும் மொழி எல்லையும் ஒன்றாகவே இருந்தன என்று எண்ணுவோர் இவ்விரு செய்திகளையும் சேர்த்துப் படித்தல் வேண்டும்.

எல்லை கடந்தும் அச்சம் நீங்கவில்லை. அங்குள்ளோர் பிடித்துக் கண்டிக்கு அனுப்பிவிடவுங் கூடும். இந்நிலையில் மரநிழலிலே சோறு சமைத்துக்கொண்டிருந்த பிராமணர் இருவரைக் கண்டனர். கையிலிருந்த பணத்தையும் சில பொருள்களையும் கொடுத்து வழிகாட்டுமாறு வேண்டினர். அவர்களுள் ஒருவர் எழுந்து சிறிது தூரம் உடன் நடந்து வழியைக் காட்டிவிட்டுத் திரும்பினார். அவர் பெயரை நொக்ஸ் எழுதவில்லை.

அக்ரோபர் 18ஆந் தேதி, சனிக்கிழமை, மாலை நான்கு மணியளவில் இருவரும் அரிப்பிலுள்ள ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தனர். பத்தொன்பது ஆண்டும் ஆறு மாதமும் சில நாட்களுமாக நீடித்த சிறைவாழ்வு அன்று முடிந்தது. மன்னார், கொழும்பு, பத்தேவியா வழியாக 1680 செப்ரெம்பரில் நொக்ஸ் இலண்டன் சேர்ந்தார். மறு ஆண்டு, 1681இல், விஞ்ஞானி றொபேட் ஹூக்கின் முன்னுரையோடு அவர் நூல் வெளிவந்தது. கண்டி நாட்டின் உழவு, உணவு, வழக்கம், சட்டம் ஆகியவற்றை ஆராய்வோர் இன்றும் அதனையே முதலில் எடுக்கின்றனர்.

நாம் கற்கவேண்டியது

நொக்ஸ் கூறியவை யாவும் வேதவாக்கு என்று கொள்ள வேண்டியதில்லை. அவர் தம் காலத்து ஐரோப்பியர். நம் மக்களின் வழிபாட்டையும் வழக்கத்தையும் பற்றிய அவர் தீர்ப்புக்களில் அக்காலத்து ஐரோப்பியரின் சாய்வு உண்டு. ஆயின் கண்ணாற் கண்டதைக் கூட்டாமற் குறைக்காமற் சொல்லும் நேர்மையும் உண்டு. தீர்ப்பை வேறாகவும் காட்சியை வேறாகவும் பிரித்துப் படிக்கக் கற்பதே வரலாறு கற்றல்.

அவ்வாறு படிக்கும்பொழுது இது தனியொருவர் வீரமாகத் தோன்றவில்லை. பத்தொன்பது ஆண்டுகளாகச் சோறிட்டவர் சிங்களக் கிராமத்தார். காய்ச்சலுக்கு மருந்து சொன்னவரும், தாளியோலையை விரிக்கக் காட்டியவரும் இந்நாட்டாரே. கடைசியில் வழிகாட்டியவர் வன்னிக் காட்டில் ஒரு தமிழ்ப் பிராமணர். இவர்களுள் ஒருவர் பெயரும் நம் பாடப்புத்தகத்தில் இல்லை. பெயரில்லாத இம்மக்களின் வரலாற்றை எழுதுபவர் யார்? நாமன்றி வேறு யார்?

164 கிலோமீற்றர் நீளமுடைய இவ்வாறு இலங்கையின் இரண்டாவது நீளமான ஆறு. தேக்கம் அணையிலிருந்து கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் தந்து மன்னார் வயல்களை இன்றும் வளர்க்கின்றது. அநுராதபுரத்திலிருந்து மன்னாருக்கு இன்று சில மணி நேரத்திற் சென்றுவிடலாம். வண்டி யன்னலுக்கு வெளியே ஓடும் காட்டை நாம் வெறுங்காடென்று எண்ணி உறங்கிவிடுகிறோம். உயிருக்கு அஞ்சி ஓடிய அந்நியன் அங்கே தூணையும் பாலத்தையும் கண்டான். அச்சமின்றிச் செல்லும் நாம் ஒருமுறையேனும் இறங்கிப் பார்த்தல் ஆகாதா? விடுமுறையில் நண்பர் நால்வர் சேர்ந்து, ஆற்றங்கரை ஊர்களுக்குச் சென்று, துறைகளுக்கும் குளங்களுக்கும் முதியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதினால், அதுவே வருங்கால வரலாற்றாசிரியனுக்கு நாம் விட்டுச்செல்லும் செல்வமாகும். அதற்குப் பெரும் பொருளோ பட்டமோ வேண்டியதில்லை. ஒரு கொப்பியும், பென்சிலும், நொக்ஸிடம் இருந்த பொறுமையிற் சிறிது பங்கும் போதும்.